மோட்டார் கொட்டகையும் ஒரு தொழிற்கூடமே
நிலம் உடையோரும் கிராம அலுவலரும் மின்சார விபத்துக்களைத் தடுக்கும் வகை

சென்னைக்கு மேற்கே அம்பத்தூரை ஒட்டியுள்ள மேனாம்பேடு முதலிய ஊர்கள் ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் கொண்ட கிராமங்களாக இருந்தவை. 1964-ம் வருஷத்தில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை ஏற்பட்ட பின்னர், இச்சுற்றுப்புறத்தில் பயிர் நிலங்கள் படிப்படியாகக் குறைந்து பட்டறைகளும் வீடுகளும் பெருகின. இன்று மேனாம்பேடு சென்னை மாநகராட்சியின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. ஆயினும் அங்கிருந்து ஆவடி, திருநின்றவூர் வழியாக மேற்கே செல்வோர், நெல் வயல்களையும் தோட்டக்கால்களையும் அவற்றின் நடுவே மோட்டார் கொட்டகைகளையும் இன்னும் காணலாம்.

பட்டறையில் இயந்திரத்தைச் சுழற்றும் மின்சாரமும், கொட்டகையில் பம்பைச் சுழற்றும் மின்சாரமும் ஒன்றே. இரண்டிற்கும் 400 வோல்ட் அளவுள்ள மும்முனை மின்சாரமே வருகின்றது. ஆனால் தொழிற்சாலையில் வேலை செய்வோரின் பாதுகாப்பிற்கென 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் முதலாகப் பல சட்டங்கள் ஏற்பட்டுள்ளன. அங்கே பரிசோதகர் வருகின்றார். விபத்து நேர்ந்தால் முதலாளி பதில் சொல்லவேண்டும். மோட்டார் கொட்டகைக்கோ தொழிற்சாலைப் பரிசோதகர் எவரும் வருவதில்லை. மின்சாரப் பாதுகாப்பு விதிகள் அங்கும் செல்லுமெனினும், அவை நிறைவேறுகின்றனவா என்று பார்க்கக் கூடியவர் நிலத்திற்கு உடையவர் ஒருவரே. நள்ளிரவில் "மோட்டாரைப் போட்டு வா" என்று மகனையோ கூலியாளையோ அனுப்புகின்றவர், அந்த உயிருக்குத் தாமே பரிசோதகர் என்பதை உணர்தல் வேண்டும். இக்கட்டுரையின் நோக்கம் இதுவே.

கிணற்றுக்கு மின்சாரம் வந்த வரலாறு

நமது நாட்டில் கிணற்று நீரை இறைப்பதற்கு நெடுங்காலம் கவலையும் ஏற்றமுமே துணையாக இருந்தன. 1932-ம் வருஷத்தில் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் வேலை தொடங்கியது. அதன் சக்தி கோயமுத்தூர்ப் பக்கத்து ஆலைகளுக்கும், பின்னர் கிணறுகளுக்கும் பயன்படலாயிற்று. 1937-ல் மேட்டூரிலும், 1944-ல் பாபநாசத்திலும் நீர்மின் நிலையங்கள் ஏற்பட்டன. 1957-ல் மின்சார வாரியம் அமைந்த பிறகு கிராமங்கள்தோறும் கம்பிகள் சென்றன. 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் பாசன மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்பட்டு வருகின்றது. இன்று தமிழ்நாட்டில் இருபது லட்சத்திற்கு மேற்பட்ட விவசாய மின் இணைப்புக்கள் உள்ளன.

இந்தச் சலுகையினால் விளைந்த நன்மை அளவற்றது. ஆனால் இதில் ஒரு சிறு குறையும் மறைந்துள்ளது. வீடுகளில் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுப்பவர் வந்து பெட்டியைப் பார்க்கின்றார். கட்டணமில்லாத கொட்டகைக்கு அவ்வாறு வருவோர் பெரும்பாலும் இல்லை. ஆகையால் மூடி உடைந்த சுவிட்சும், துருப்பிடித்து அறுந்த எர்த்துக் கம்பியும் பல வருஷங்கள் எவர் கண்ணிலும் படாமலே கிடக்கக் கூடும்.

மின்சாரம் உயிரைக் கொல்லும் வகை

மின்சாரத் தாக்குதலின் கொடுமையை வோல்ட்டை மட்டும் கொண்டு அறிதல் போதாது. உடலின் வழியே எவ்வளவு மின்னோட்டம் செல்கின்றது, எவ்வளவு நேரம் செல்கின்றது என்பவற்றைக் கொண்டே அறிதல் வேண்டும். ஓர் ஆம்பியரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மில்லி ஆம்பியர் எனப்படும். சுமார் 1 மில்லி ஆம்பியர் சென்றால் சுறுசுறுப்பு மட்டும் தோன்றும். 10 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்டால் கைத்தசைகள் இறுகி, பிடித்த பொருளை விட முடியாமற் போகும். "கரண்டு இழுத்துக்கொண்டது" என்று ஜனங்கள் சொல்வது இதனையே. உண்மையில் மின்சாரம் இழுப்பதில்லை. கையே திறக்க மறுக்கின்றது. 30 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்டு நீடித்தால் மூச்சுத் தடைப்படலாம். 50 முதல் 100 மில்லி ஆம்பியர் வரை சென்றால், இதயம் ஒழுங்காகத் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கும். அப்பொழுது இரத்த ஓட்டம் நின்று, சில நிமிஷங்களில் உயிர் பிரியும்.

ஈரமான கையும் சேற்றில் நிற்கும் வெறுங்காலும் உள்ள மனிதனின் உடல், மின்சாரத்திற்குச் சுமார் 1000 ஓம் தடையே கொடுக்கும். 230 வோல்ட் தாக்கினால் அவனுடைய உடலில் சுமார் 230 மில்லி ஆம்பியர் பாயும். இது 60 வாட் குண்டு பல்பு ஒன்று எரிவதற்கு வேண்டிய மின்சாரத்திலும் குறைவானதே. எனினும் உயிரைப் போக்க இது போதுமானதற்கும் மேலாகும்.

நெல் வயலில் வேலை செய்பவன் எப்பொழுதும் ஈரத்தில் நிற்பவன், காலணி அணியாதவன், வியர்வை வழியும் கைகளை உடையவன். பட்டறையின் உலர்ந்த தரையில் நிற்பவனைவிட அவனுக்கு அபாயம் அதிகம். இதனாலேயே கொட்டகையின் பாதுகாப்பு பட்டறையின் பாதுகாப்பைவிடக் குறைவாக இருப்பது பொருந்தாது என்கின்றோம்.

பியூஸ் இருப்பதே போதாதோ?

"பியூஸ் கட்டை இருக்கின்றதே; அபாயம் வந்தால் அது போய்விடாதா?" என்று பலர் கேட்கின்றனர். பியூஸ் காப்பது மோட்டாரையும் கம்பியையுமே, மனிதனை அன்று. 5 குதிரைசக்தி மோட்டார் ஒன்று ஓடும்பொழுது ஏறக்குறைய 7 அல்லது 8 ஆம்பியர் எடுக்கும். அதற்கு இடப்படும் பியூஸ் அதனினும் அதிகமான அளவைத் தாங்குவதாகவே இருக்கும். மனிதனைக் கொல்லுவதற்கோ ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். அம்மின்சாரம் அவன் உடலில் ஓடிக்கொண்டிருக்கும்பொழுது பியூஸ் கம்பி சூடாவதுகூட இல்லை. பியூஸ் அடிக்கடி போகின்றதென்று தடித்த செப்புக் கம்பியைச் சுற்றிவைப்பவர், மோட்டாருக்கு இருந்த காவலையும் நீக்கிவிடுகின்றார்.

மனிதனைக் காப்பன இரண்டு. ஒன்று நல்ல எர்த்து. மற்றொன்று மின்கசிவுத் தடுப்பான்.

எர்த்து அமைக்கும் முறை

மோட்டாரின் உள்ளே உறை கெட்டு மின்சாரம் அதன் இரும்புக் கூட்டில் ஏறினால், அது தொடுபவன் உடல் வழியாகப் போகாமல் பூமிக்குச் செல்லுவதற்கு ஒரு நல்வழி செய்து வைப்பதே எர்த்து ஆகும். மும்முனை மோட்டாரின் கூட்டிற்கு இரண்டு தனித்தனி எர்த்து இணைப்புக்கள் இருத்தல் வேண்டும் என்பது விதி. ஒன்று அறுந்தாலும் மற்றொன்று காக்கும் என்பதே அதன் கருத்து.

கொட்டகையின் அருகே ஈரம் நிற்கும் இடத்தில் குழி எடுத்து, 2.5 மீட்டருக்குக் குறையாத நீளமும் ஏறக்குறைய 40 மில்லி மீட்டர் குறுக்களவும் உள்ள நாகமுலாம் பூசிய இரும்புக் குழாயைச் செங்குத்தாக இறக்கி, அதைச் சுற்றிக் கரியும் உப்பும் மாறி மாறி இட்டு மூடுவது வழக்கமான முறை. குழாயின் தலையில் நீர் ஊற்றுவதற்கு ஒரு வாய் விடவேண்டும். பங்குனி, சித்திரை மாதங்களில் பூமி வறண்டு எர்த்தின் தடை அதிகப்படும். அக்காலத்தில் அடிக்கடி ஒரு குடம் நீர் ஊற்றி வருதல் நலம். மின்கம்பத்தின் இழுவைக் கம்பியையோ, பம்பின் குழாயையோ எர்த்தாக எண்ணுதல் தவறு.

ஆயினும் எர்த்து மட்டுமே போதும் என்று இருத்தலும் ஆகாது. எர்த்தின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கூட்டில் 230 வோல்ட் ஏறினால் எர்த்தின் வழியே 23 ஆம்பியர்தான் செல்லும். 20 ஆம்பியர் பியூஸ் இவ்வளவிற்கு உடனே உருகாது. ஆகவே மோட்டார்க் கூடு நெடுநேரம் மின்சாரம் ஏறியபடியே இருக்கும். இந்தக் குறையைத் தீர்ப்பதே இரண்டாவது காவல்.

மின்கசிவுத் தடுப்பான்

இது கடைகளில் ஆர்.சி.சி.பி. என்று வழங்குகின்றது. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக உள்ளனவா என்று இது இடைவிடாது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வழியில் 30 மில்லி ஆம்பியர் அளவு பூமிக்குக் கசிந்தாலும், ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கிற்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். கசிவு பெரிதாயின் இன்னும் விரைவில் துண்டிக்கும். உயிரைக் காப்பதற்கு 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளதையே கேட்டு வாங்கவேண்டும். மும்முனை மோட்டாருக்கு அதற்குரிய வகையை, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பொருத்துதல் அவசியம்.

சில இடங்களில் இக்கருவி அடிக்கடி விழுகின்றதென்று அதனை விலக்கி நேரே கம்பியை இணைத்துவிடுகின்றனர். விழுவது கருவியின் குற்றமன்று. கிணற்றுக்குள் இறங்கும் கேபிளிலோ மோட்டாரிலோ கசிவு இருப்பதை அது அறிவிக்கின்றது. குரைக்கும் நாயைத் தொந்தரவென்று விரட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைத்து உறங்குவதற்கு இது ஒப்பாகும்.

விபத்து நேரும் இடங்கள்

1. தானாக ஓடும் ஸ்டார்ட்டர்: மின்சாரம் நின்று மீண்டும் வரும்பொழுது மோட்டார் தானே ஓடும்படி ஆட்டோ ஸ்டார்ட்டர் வைப்பது பல ஊர்களில் பரவியுள்ளது. இரவில் எழுந்து செல்லும் சிரமம் இதனால் நீங்குகின்றது. ஆனால் மின்சாரம் இல்லையென்று எண்ணிக் கம்பியில் கை வைத்தவன், அது திரும்பும் கணத்தில் அகப்பட்டுக்கொள்வான். ஆகையால் பழுது பார்க்கு முன் மெயின் சுவிட்சை நிறுத்தி, பியூஸ் கட்டைகள் மூன்றையும் பிடுங்கி, வேலை செய்பவன் தன் மடியிலேயே வைத்துக்கொள்ளவேண்டும்.

2. நீர்மூழ்கி மோட்டாரை வெளியே எடுத்தல்: ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து குழாயை மேலே தூக்கும்பொழுது, அது இருபது அடி நீளம் வானத்தை நோக்கி எழும். மேலே கம்பி செல்லுமாயின், தூக்குகின்றவர் அனைவரும் ஒரே கணத்தில் தாக்கப்படுவர். புதிதாகக் கிணறு போடுவோர், கம்பிக்கு அடியில் இடம் தேர்ந்தெடுத்தல் கூடாது.

3. வைக்கோல் பாரமும் அறுவடை இயந்திரமும்: வயலின் மேற்செல்லும் தாழ்வழுத்தக் கம்பிக்கும் 11,000 வோல்ட் கம்பிக்கும் தரையிலிருந்து குறைந்தது 4.6 மீட்டர், அதாவது ஏறக்குறைய 15 அடி உயரம் இருத்தல் வேண்டும். கோடை வெயிலில் கம்பி நீண்டு தொய்யும். கம்பம் சாய்ந்தால் இன்னும் தாழும். வைக்கோல் ஏற்றிய டிராக்டரின்மேல் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் அவன் தலை எவ்வளவு உயரத்தில் இருக்குமென்பதை வண்டி புறப்படுமுன் பார்த்துக்கொள்ளவேண்டும். தேங்காய், மாங்காய் பறிக்கும் அலுமினியக் கோலும் இத்தகைய அபாயமுடையதே.

4. அறுந்து விழுந்த கம்பி: வறண்ட மணலில் விழுந்த கம்பி பொறி பறக்காமல் அமைதியாகக் கிடக்கும். அதில் மின்சாரம் இல்லையென்று எண்ணுதல் பெரும் பிழை. தரை வறண்டிருப்பதால் துணைமின் நிலையத்தின் காவல் கருவி சில வேளை அதனை அறியாது. கம்பி தொட்ட இடத்தைச் சுற்றியுள்ள தரையிலும் மின்சாரம் பரவியிருக்கும். காலை அகல வைத்து நடப்பவனுக்கு ஒரு காலுக்கும் மறுகாலுக்கும் இடையே வோல்ட் வேறுபாடு ஏற்பட்டு மின்சாரம் பாயும். மாட்டிற்கு முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகமாதலால், மனிதன் தப்பும் இடத்திலும் மாடு மாளும். முப்பது அடிக்கு இப்பால் நின்று பிறரைத் தடுக்கவேண்டும். அருகில் அகப்பட்டுக்கொண்டவர் கால்களைச் சேர்த்து வைத்துச் சிறுசிறு நகர்வாக விலகவேண்டும். மின்கம்பத்திலும் இழுவைக் கம்பியிலும் மாட்டைக் கட்டும் பழக்கத்தையும் இக்காரணத்தாலேயே விட்டுவிடவேண்டும்.

5. கள்ள மின்வேலி: பன்றியும் யானையும் பயிரை அழிக்கின்றன என்ற துன்பம் உண்மையானதே. ஆனால் கொட்டகை மின்சாரத்தை நேரே வேலிக் கம்பியில் விடுவது கொலைக் கருவியை வயலில் நட்டு வைப்பதாகும். 2023-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிக்கு அருகே இவ்வகை வேலியில் அகப்பட்டு மூன்று யானைகள் இறந்தன. நிலத்துக்குரியவர் கைது செய்யப்பட்டார். இரவில் நீர் பார்க்கச் செல்லும் அயல்வயல்காரரையும் அக்கம்பி விட்டுவைக்காது. முறையான சூரியசக்தி வேலிக் கருவி ஒவ்வொரு நொடிக்கும் ஒருமுறை மாத்திரம், ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கிற்கு மிகாத நேரம், அதிர்ச்சி கொடுத்து நின்றுவிடும். தொட்ட உயிர் விலகிக்கொள்ள இடம் இருக்கின்றது. நேரே விட்ட மின்சாரமோ விடுவதில்லை. தமிழ்நாட்டில் மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த 2023-ல் விதிகள் ஏற்பட்டுள்ளன. மின்சாரத்தைக் களவாக எடுப்பது 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டம் 135-வது பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறைத்தண்டனைக்கு உரியது; உயிர்ச்சேதம் நேர்ந்தால் குற்றம் அதனினும் பெரிதாகும்.

தாக்கப்பட்டவரைக் காக்கும் முறை

முதலில் மெயின் சுவிட்சை நிறுத்தவேண்டும். அது முடியாத இடத்தில், வீட்டு மின்சாரமோ மோட்டார் மின்சாரமோ ஆயின், உலர்ந்த பலகையின்மேல் நின்று உலர்ந்த மூங்கில் கழியால் கம்பியை விலக்கலாம். வெறுங்கையால் தொடுவோர் தாமும் மாள்வர். ஒரே குடும்பத்தில் இருவர் மூவர் இறப்பது இவ்வாறே. உயரழுத்தக் கம்பியாயின் கழியும் உதவாது. மின்சாரத்தை நிறுத்தும்வரை அணுகலாகாது.

சில ஊர்களில் தாக்கப்பட்டவரை மண்ணில் புதைத்தால் மின்சாரம் இறங்கிவிடும் என்று நம்புகின்றனர். கம்பியை விட்டு விலகிய உடலில் மின்சாரம் தங்குவதில்லை. புதைப்பதில் செல்லும் நிமிஷங்களே உயிரைப் போக்குகின்றன. மூச்சும் அசைவும் இல்லையெனின், மல்லாக்கப் படுக்கவைத்து, மார்பின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிஷத்திற்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி அழுத்தவேண்டும். பழகியவர் 30 அழுத்தங்களுக்கு இருமுறை வாயின் வழியே மூச்சு ஊதலாம். பழகாதவர் அழுத்துவதை மட்டும் விடாது செய்க. ஒருவர் இதைச் செய்யும்பொழுதே மற்றொருவர் 108-க்குத் தெரிவிக்கவேண்டும்.

எழுந்து உட்கார்ந்து "ஒன்றுமில்லை" என்று சொல்பவரையும் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லவேண்டும். தோலில் சிறு புள்ளியாகத் தோன்றும் தீப்புண், உள்ளே தசையை ஆழமாகச் சுட்டிருக்கலாம். இதயத்தின் துடிப்பும் கெட்டிருக்கலாம்.

கிராம அலுவலர் கடமை

முற்காலத்தில் கிராம முன்சீபும் கர்ணமும் செய்துவந்த வேலைகள் 1980-க்குப் பின் கிராம நிர்வாக அலுவலரைச் சேர்ந்தன. தாழ்ந்த கம்பி, சாய்ந்த கம்பம், கம்பியில் உராயும் மரக்கிளை ஆகியவற்றைச் சுற்றுப் பயணத்தில் குறித்துக்கொண்டு, மின்வாரியம் என்று மக்கள் வழங்கும் மின் பகிர்மானக் கழகத்திற்கு எழுத்து மூலம் தெரிவித்தல் நலம். அவசரமாயின், 2021-ல் ஏற்பட்ட மின்னகம் சேவை மையத்திற்கு 94987 94987 என்ற எண்ணில் எவரும் அறிவிக்கலாம்.

திருவிழாக் காலங்களில் இன்னும் அதிகக் கவனம் வேண்டும். 2022-ம் வருஷம் ஏப்ரல் 27-ந் தேதி விடியற்காலையில், தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டுச் சிறுவர் உட்பட 11 பேர் உயிரிழந்தனர். தேர், சப்பரம், அலங்கார வண்டி எதுவாயினும் அதன் உயரத்தை முன்னரே அளந்து, செல்லும் வீதியின் கம்பி உயரத்தோடு ஒப்பிட்டு, வேண்டுமாயின் அந்நேரம் மின்சாரத்தை நிறுத்த ஏற்பாடு செய்தல் வேண்டும். ஒரு மூங்கிற் கழியில் அளவு குறித்து வண்டியின் உயரத்தைத் தரையில் நின்றே அளந்துவிடலாம். ஆனால் அக்கழியைக் கம்பியை நோக்கி உயர்த்தலாகாது; கம்பியின் உயரத்தை மின்வாரியத்தாரையே அளந்து சொல்லக் கேட்கவேண்டும்.

விபத்து நேர்ந்துவிட்டால், மின்சாரச் சட்டம் 161-வது பிரிவின்படி மின் ஆய்வாளருக்கு அறிவிப்புச் செல்லவேண்டும். அவர் விசாரணை செய்வார். ஆகையால் உயிர் காக்கும் வேலை நீங்கலாக, அறுந்த கம்பியையும் சுவிட்சையும் மோட்டாரையும் எவரும் மாற்றாதபடி அலுவலர் பார்த்துக்கொள்ளவேண்டும். போலீசில் பதிவு செய்யாமலும் பிரேத பரிசோதனை இல்லாமலும் அடக்கம் செய்துவிட்டால், பின்னர் அக்குடும்பம் நிவாரணம் கேட்பதற்கு ஆதாரம் இல்லாமற் போகும். துக்கத்தில் இருப்போருக்கு இதனைப் பொறுமையாக எடுத்துச் சொல்வதும் அலுவலர் செய்யத்தக்க உதவியாகும்.

முடிவு

புரட்டாசி, ஐப்பசியில் ஆயுத பூஜை வருகின்றது. அன்று ஏர் முதல் மோட்டார் வரை எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுகின்றோம். வடகிழக்குப் பருவ மழையும் அதனை அடுத்தே தொடங்குகின்றது. ஆகவே பொட்டு இடுவதற்கு முன்னர், மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, எர்த்துக் கம்பிகள் இரண்டும் அறுபடாமல் இறுகியுள்ளனவா, சுவிட்சுப் பெட்டியின் மூடி முழுமையாக உள்ளதா, கூரை ஒழுகும் இடத்தில் ஸ்டார்ட்டர் இருக்கின்றதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது ஒவ்வொரு நிலம் உடையவருக்கும் கடமையாகும். பிறகு மின்சாரத்தை விட்டு, மின்கசிவுத் தடுப்பானின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கவேண்டும். அழுத்தியவுடன் அது விழுந்தால் சரி. விழாவிட்டால் அன்றே மாற்றவேண்டும்.

இதற்கு வேண்டிய நேரம் அரை மணிக்கும் குறைவு. அன்று இரவு மழையில் விளக்கை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குச் செல்பவன் நம் பிள்ளையாயினும் கூலியாளாயினும், அவன் திரும்பி வருவது அந்த அரை மணியைப் பொறுத்தது.